நார்வல் ஸ்கார் அடைத்த இருபது தோட்டாக்கள்

விக்சம் க்ரீக்கில் யாருக்காவது பழைய துப்பாக்கி ஒன்று கிடைத்தால், முதல் வேலையாக எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். இரண்டாவது வேலையாக நார்வல் ஸ்காரிடம் எடுத்துப் போவார்கள். முதல் வேலையைச் செய்யாமல் நேரே வந்தவர்களைத்தான் நார்வலுக்குப் பிடிக்கும். துடைக்கிறேன் பேர்வழி என்று எழுத்தையும் எண்ணையும் தேய்த்துவிட்டு வருகிறவர்களிடம், "குழந்தையைக் குளிப்பாட்டச் சொன்னா தோலை உரிச்சுட்டு வந்திருக்கே" என்பார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ரயில் பாதையோரம் நின்ற தானியக் கிடங்கின் பொறுப்பாளர். மொன்டானாவின் அந்தப் பகுதியில் விளைகிற கோதுமையெல்லாம் அவர் எடைமேடை மீது ஏறி இறங்கித்தான் ரயிலுக்குப் போகும். முப்பது வருடத்தில் ஒருவர்கூட அவர் சொன்ன எடையை மறுத்ததில்லை. கொஞ்சம் விறைப்பான மனிதர், ஆனால் கை சுத்தம். வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டு, கடையில் இப்போது கிடைக்காத பழைய தோட்டாக்களை ஊராருக்கு அடைத்துக் கொடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டைச் சீர்செய்து, அடியில் தீப்பொறி எழுப்பும் புது பிரைமர் அழுத்தி, மருந்து அளந்து கொட்டி, மேலே ஈயக் குண்டைப் பொருத்தவேண்டும். சொல்லும்போது நாலு வேலை. செய்யும்போது நானூறு கவனம். அந்த மேசையில் அவருக்குச் சில விதிகள் இருந்தன. வானொலி கூடாது. பேச்சு கூடாது. மருந்து கொட்டிய ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்காமல் குண்டை வைக்கக் கூடாது.

வெண்டல் பெரிச் அவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே நண்பர். நாற்பது மைல் சுற்றளவில் இவர்கள் இருவரைப்போல ஒருவரையொருவர் திட்டிக்கொண்டவர்கள் கிடையாது. வெண்டலின் தாத்தா குரோவேஷியாவிலிருந்து கல் வெட்ட வந்தவர். வெண்டலுக்கு மாடுகள் இருந்தன, கொஞ்சம் கோதுமையும் போடுவார். 1987ஆம் வருடம் கோடையில் தொழுவத்துக் கூரையைப் பிரித்தபோது, பழைய தீவனப் பெட்டிக்குள் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு துப்பாக்கி இருந்தது. லிவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும் பழைய வகை.

வெண்டல் அதை நார்வலின் மேசைமேல் வைத்தார்.

"இது என்னன்னு சொல்லு பாப்போம்."

"துப்பாக்கி மாதிரி இருக்கு."

"அதைச் சொல்றதுக்கா உன்கிட்ட வந்தேன்? என்ன தோட்டா போடும்னு சொல்லுடா."

நார்வல் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குழலின் மேற்புறத்தைப் பார்த்தார். "எவனோ ஒரு மகராசன், அளவு எழுதியிருந்த இடத்துலயே குறிபார்க்கப் புதுசா சைட்டு வைக்கப் பள்ளம் வெட்டியிருக்கான்."

"எங்க தாத்தாவாத்தான் இருக்கும். கல்லு கிடைக்கலைன்னா மனுஷன் எதையாவது வெட்டிக்கிட்டே இருப்பாராம்."

"உங்கப்பா என்ன சொல்லுவாரு?"

"முப்பத்தெட்டுன்னு சொல்லிக் கேட்டிருக்கேன். அவரு டப்பாவுல கொஞ்சம் தோட்டாகூடக் கிடக்குது."

"அதைத் தொடாதே," என்றார் நார்வல். "துப்பாக்கியில ஏறக்குறையப் பொருந்துறதுன்னு ஒண்ணு கிடையாது. நான் சொல்ற வரைக்கும் இதுக்குள்ள எதையும் திணிக்காதே. புரிஞ்சுதா?"

"சரிங்க சார்," என்று வெண்டல் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

அந்தத் துப்பாக்கியை அடையாளம் காண நார்வலுக்கு ஒரு வாரம் பிடித்தது. லிவருக்குப் பின்னால், அடிப்பட்டையில் துருவுக்கு அடியில் எண் இருந்தது. அதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, 1891இல் செய்தது என்று கண்டார். அதாவது கருமருந்துக் காலத்து இரும்பு, அதிக அழுத்தம் தாங்காது. பிறகு மிருதுவான ஈயத்துண்டு ஒன்றைக் குழலுக்குள் தட்டித் தள்ளி, மறுமுனையில் விழுந்ததை அளந்தார். முப்பத்தெட்டு இல்லை, நாற்பது. நாற்பதிலும் அந்தக் காலத்தில் ஒன்றுவிட்ட சகோதரர்களைப்போல மூன்று விதம் உண்டு. குண்டு மூன்றுக்கும் ஒன்றுதான், கூட்டின் நீளந்தான் வேறு. கொதிநீரில் வைத்தாலே உருகிவிடும் ஒரு உலோகத்தைத் தோட்டா உட்காரும் அறைக்குள் ஊற்றி, உறைந்ததும் தட்டி எடுத்தார். வெள்ளி விரல்போல வெளியே வந்தது. மூவரில் குட்டையானவன். அந்தத் தோட்டாவைச் செய்வதை நிறுத்தி ஐம்பது வருடம் ஆகியிருந்தது.

அந்த ஒரு வாரமும் நார்வல் சந்தோஷமாக இருந்தார். அதைப் பிற்காலத்தில் நினைக்கும்போதெல்லாம் அவருக்கு வெட்கமாக இருந்தது.

நாற்பத்தைந்து அளவுக் கூடுகளை மூன்று தரம் அழுத்தி நாற்பதாகச் சுருக்கினார். மருந்தைப் பற்றி மட்டும் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது.

"கருமருந்தே போடு," என்றார் வெண்டல். "எங்க தாத்தா சுட்டப்போ எழும்பின புகை எனக்கும் வேணும்."

"புகையைப் பார்த்துட்டு நீ போயிடுவே. ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவணும். நீ கழுவுவியா? உன் வண்டியையே மழைதான் கழுவுது. பழைய துப்பாக்கிக்குன்னே புகையில்லா மருந்துல லேசான அளவு ஒண்ணு இருக்கு. பயப்படாதே."

"நீ சொன்னா சரி."

நார்வல் சொன்னது பொய்யில்லை. ஆனால் கருமருந்து கூடு நிறையக் கொட்டவேண்டிய பண்டம். தவறி இரண்டாம் தரம் கொட்டினால் வழிந்து மேசையெல்லாம் சிந்திவிடும். புகையில்லா மருந்து கூட்டில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வராது. இரண்டு தரம் கொட்டினாலும் உள்ளே அடங்கி, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் டார்ச் விதி.

புது டப்பா மருந்தைத் திறந்து பத்துத் தோட்டா அடைத்து, சரளைப் பள்ளத்தில் சுட்டுப் பார்த்தார். பத்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் பாய்ந்தன. இனி வெண்டலுக்கு இருபது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேஸ்பால் இறுதித் தொடர் நடந்துகொண்டிருந்தது. நார்வலின் அப்பாவும் அம்மாவும் மினசோட்டாவிலிருந்து வந்தவர்கள். மினசோட்டா அணி பட்டம் வெல்வதைப் பார்க்காமலே அவர் அப்பா செத்துப்போனார். இந்த வருடம் வென்றுவிடும் போலிருந்தது. மறுநாள் காலை தோட்டா வேண்டும் என்று வெண்டல் சொல்லியிருந்தார். ஒரு தடவைதானே என்று நார்வல் வானொலியைக் கீழே எடுத்துப் போனார்.

பன்னிரண்டாவது கூடோ பதின்மூன்றாவதோ, அந்த நேரத்தில் பந்து வேலிக்கு மேலே பறந்தது. கூட்டம் கத்தியது. நார்வல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்து, ஆளில்லாத கீழ்த்தளத்தில் தனியாகக் கூவினார். பிறகு உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இருபதும் முடிந்ததும் டார்ச்சை எடுத்தவர், ஒவ்வொன்றாகப் பார்க்காமல், கூடுகள் நின்ற தட்டின் மேலே ஒரு வீச்சு வீசிப் பார்த்தார்.

நெஞ்சில் ஏதோ உறுத்தியது. விட்ட இடம் அதுதானா? எல்லாவற்றையும் டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் அரைமணி நேரம் ஆகும். கடைசிச் சுற்று ஆரம்பித்துவிட்டது. நார்வல் முதல் குண்டை எடுத்து வைத்து அழுத்தினார். இருபதாவது குண்டை அழுத்தி முடித்தபோது உறுத்தல் போய்விட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் லோர்னாவிடமிருந்து போன் வந்தது. வெண்டலின் மனைவி அவள். குரல் வறண்டிருந்தது. "துப்பாக்கி வெடிச்சுடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கோம். நீங்க வர முடியுமா?"

வெண்டல் ஒரு கட்டையில் குறிவைத்து நாலு தோட்டா சுட்டிருக்கிறார். நாலும் நன்றாகவே போயின. ஐந்தாவதில் அறை பிளந்து மேற்புறம் பறந்துவிட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. குழலைத் தாங்கியிருந்த இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன.

நார்வல் போனபோது அவர் விழித்திருந்தார். முகமெல்லாம் கரும்புள்ளி. நார்வலைப் பார்த்ததும் கண் கலங்கியது.

"மன்னிச்சுடுடா," என்றார் வெண்டல்.

நார்வலுக்குப் புரியவில்லை.

"நீ படிச்சுப் படிச்சு சொன்னே, தொடாதேன்னு. உன்கிட்டக் கொண்டு வர்றதுக்கு முன்னாலயே அப்பா டப்பாவுல இருந்து மூணு தோட்டா போட்டுச் சுட்டுப் பார்த்துட்டேன். நீ திட்டுவேன்னு சொல்லல. அதுலதான் உள்ளே விரிசல் விட்டிருக்கும். இல்லேன்னா நீ அடைச்ச தோட்டா எதுக்குடா வெடிக்கப் போவுது?"

முப்பத்தெட்டு அளவுத் தோட்டா நாற்பதின் அறைக்குள் தொளதொளவென்று கிடந்து, புகையைக் கக்கிவிட்டுப் போயிருக்கும். அதனால் அந்த இரும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இது நார்வலுக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் லோர்னா உள்ளே வந்துவிட்டாள்.

"கேட்டீங்களா? சின்னப் பிள்ளை மாதிரி திருட்டுத்தனம். உங்ககிட்டயும் மறைச்சு, என்கிட்டயும் மறைச்சு."

நார்வல் தலையை ஆட்டினார். "இப்ப அதெல்லாம் எதுக்கு? தூங்கட்டும்," என்றார்.

பிற்பாடு எத்தனையோ தரம் அந்தத் தலையாட்டலை அவர் நினைத்துப் பார்த்ததுண்டு. அதுவரைக்கும் நடந்தது கைப்பிசகு. அதற்குப் பிறகு நடந்ததற்கு வேறு பேர்.

திரும்பும்போது, "மிச்சத் தோட்டாவைக் கொடு லோர்னா, பத்திரமா அழிச்சுடறேன்," என்று கேட்டு வாங்கிக்கொண்டார். "இந்த நேரத்துலயும் அதை நினைச்சீங்களே," என்று அவள் நன்றி சொன்னாள்.

வெயில் சாயுமுன் அவர் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். பதினைந்து தோட்டாக்களின் குண்டையும் பிடுங்கி மருந்தை எடை போட்டார். பதினைந்தும் ஒற்றை அளவு. பிறகு மருந்து டப்பாவில் மிஞ்சியதை நிறுத்தார். சோதனைக்குப் பத்து, வெண்டலுக்கு இருபது, ஆக முப்பது அளவு குறைந்திருக்கவேண்டும். முப்பத்தொன்று குறைந்திருந்தது. தராசைச் சரிபார்த்து மறுபடி நிறுத்தார். மூன்றாம் தரமும் நிறுத்தார். ஊர் முழுக்க நம்பிய எடைக்காரருக்குத் தராசு மூன்று தரமும் ஒரே பதிலைத்தான் சொன்னது.

அன்றிலிருந்து அவர் வெண்டலுக்கு உழைக்க ஆரம்பித்தார். கிடங்குக்குப் போகுமுன் விடியலிலேயே போய் மாடுகளுக்கு வைக்கோல் போட்டார். உறைந்த தொட்டியில் பனிக்கட்டியை உடைத்தார். வேலிக் கம்பி முறுக்கினார். ஒரு கையோடு தவித்த வெண்டல், "உனக்கு வேற பொழைப்பே இல்லையாடா?" என்று கேட்டு, சொன்ன கையோடு முகத்தைத் திருப்பிக்கொள்வார். டிசம்பரில் லூத்தரன் சர்ச்சின் மீன் விருந்தில் போதகர் எழுந்து, நல்ல அயலான் என்றால் யார் என்று கேட்டால் நம் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார் என்றார். எல்லோரும் திரும்பி நார்வலைப் பார்த்துக் கைதட்டினார்கள். வெண்டல் இருக்கிற கையால் மேசையைத் தட்டினார். நார்வல் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அதைவிட மோசம் லோர்னாவின் மௌனம். அவள் புருஷனைக் கவனிக்காமல் இல்லை. கட்டுப் பிரித்தாள், இறைச்சியை நறுக்கி வைத்தாள். ஆனால் அவரோடு பேசுவதை விட்டுவிட்டாள். பேசினால் ஊசிதான். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போதும், "மறைக்காம முன்னாலயே சொல்லியிருந்தா நீயே போட்டுக்கலாம்," என்பாள். குற்றவாளி என்று தன்னையே ஒப்புக்கொண்டுவிட்ட வெண்டல் அடுத்த பொத்தானுக்கு நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவார். பக்கத்தில் நின்று நார்வல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். குளிர்காலம் முழுக்கக் கேட்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே அவர் மனைவி ஆர்லிஸ் கேட்டாள். "கீழே விளக்குப் போட்டு மூணு மாசமாச்சு. என்ன பண்ணினே, நார்வல்?"

என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் கூட வாழ்ந்தவள். நார்வல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஆர்லிஸ் கையிலிருந்த தட்டைத் துடைத்தாள். அது காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவன்கிட்டச் சொல்லலியா?"

"கன்னு போடற சமயம் வருது. நான் இல்லேன்னா அவனால சமாளிக்க முடியாது. அது முடியட்டும்."

"அது அவனுக்காகவா, உனக்காகவா?"

நார்வல் மாடிக்குப் போய்விட்டார்.

மார்ச் மாதம் ஒரு காலை. கொட்டகையில் முதல் ஈற்றுப் பசு ஒன்று கன்று போடமுடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. கன்றின் முன்கால்களில் சங்கிலி மாட்டி இழுக்கவேண்டும். வெண்டல் மாட்டப் பார்த்தார். கட்டைவிரல் இல்லாத கையில் சங்கிலி நிற்கவில்லை. மூன்று தரம் நழுவிச் சாணியில் விழுந்தது. வெந்நீர் வாளியோடு வந்த லோர்னா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கை இருக்கும்போதே புத்தியும் இருந்திருக்கணும்," என்றாள்.

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டார். நார்வல் சங்கிலியைப் பொறுக்கி மாட்டினார். கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே வாய் பேசிவிட்டது.

"அவன் மேல தப்பில்ல, லோர்னா. அந்த மூணு தோட்டாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் ஒரு கூட்டுல ரெண்டு தடவை மருந்து போட்டுட்டேன். ஆட்டம் கேட்டுக்கிட்டே அடைச்சேன். சரியாப் பார்க்கல. எடை போட்டுப் பார்த்துட்டேன். நான்தான்."

பசு முக்கியது.

"இழு," என்றார் வெண்டல்.

இருவரும் இழுத்தார்கள். கன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. வெண்டல் மண்டியிட்டு அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் விலாவைத் தேய்த்தார். அது தும்மி மூச்சு விட்டதும் வாளியில் கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னைக்குச் சாயங்காலமே."

"அன்னைக்கே." வெண்டலின் குரல் ஏறவில்லை. "விரல் போனா போவுது. நானும்தான் எத்தனையோ தடவை கவனமில்லாம இருந்திருக்கேன். ஆனா நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்டா. படுத்துக்கிட்டு, அழுதுக்கிட்டு. நீ தலையை ஆட்டினே."

"அஞ்சு மாசமா இந்த மனுஷனை நான் என்னென்ன பேசியிருக்கேன்!" என்றாள் லோர்னா. "நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தே. அதையெல்லாம் இப்ப யாரு திருப்பி எடுக்கறது? நீ எடுப்பியா?" வாளியைக் கீழே வைத்துவிட்டு வெண்டலின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழ ஆரம்பித்ததும் வெண்டல், "போயிடு, நார்வல்," என்றார்.

நார்வல் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கிடங்குக்குப் போனார். காப்பி அறையில் ஏழெட்டு விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். தலையாட்டியதையும் விடவில்லை. ஒருவர், "யாருக்கும் வரக்கூடியதுதான், விடுங்க," என்றார். இன்னொருவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாளே மூன்று பேர் அவர் அடைத்துக் கொடுத்த தோட்டாக்களைப் பெட்டியோடு திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. பிறகு மிச்ச மருந்தையெல்லாம் வெட்டவெளியில் மெல்லிய கோடாகக் கொட்டிக் கொளுத்தினார். குண்டு அழுத்தும் பிரஸ்ஸை மேசையிலிருந்து கழற்றினார்.

கன்று போடும் காலம் முடியும்வரை வெண்டல் வீட்டுக்கு உதவ, மேற்கிலிருந்து லோர்னாவின் தம்பி வந்திருந்தான். அந்த வருடமும் அடுத்த இரண்டு வருடமும் வெண்டல் தன் கோதுமையை நாற்பது மைல் தள்ளி இன்னொரு கிடங்குக்கு ஓட்டிப் போனார். நார்வலின் சன்னலுக்கு நேரே உள்ள சாலையில்தான் போவார். அவர் லாரியின் சத்தம் நார்வலுக்குத் தூரத்திலேயே தெரியும். எடைச்சீட்டு எழுதுகிற கை அந்தச் சத்தம் கடந்துபோகும்வரை நின்றுவிடும். சர்ச்சில் வெண்டலும் லோர்னாவும் இடப்பக்கம் உட்கார்ந்தால் அவர் வலப்பக்கம் போய்விடுவார். லோர்னா புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை மட்டும் ஒரு தரம் பார்த்துக்கொள்வார்.

நாலாவது அறுவடையில், ஆகஸ்டு மாதம் ஒரு மத்தியானம், லாரிச் சத்தம் கடந்து போகாமல் திரும்பி எடைமேடை மீது ஏறியது. நார்வல் வெளியே வந்தார். வெண்டல் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். முடி நன்றாக வெளுத்திருந்தது.

"தராசு சரியா இருக்கா?" என்று கேட்டார். "ரெண்டு தடவை போட்டுடப் போறே."

நார்வலுக்குச் சிரிக்கவும் தைரியம் வரவில்லை. "இருக்கு," என்றார்.

"அங்கே போற டீசல் கட்டுப்படியாகல. அதான் வந்தேன். வேற ஒண்ணுமில்ல."

"சரி."

லாரி சாய்ந்து கோதுமை குழிக்குள் விழத் தொடங்கியது. தூசி எழும்பியது. வெண்டல் இறங்கிவந்து நிழலில் நின்றார். தூசியைப் பார்த்தபடியே சொன்னார். "கை பழகிப்போச்சு. அந்தக் குளிர்காலந்தான் போவேனாங்குது. போகும்னு உனக்கு நான் சொல்ல முடியாது."

"நீ சொல்ல வேண்டாம்," என்றார் நார்வல்.

"காப்பி வச்சிருக்கியா, இல்ல அதுவும் விட்டுட்டியா?"

நார்வல் உள்ளே போய் இரண்டு கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்தார். வெண்டல் வலது கையால் வாங்கிக்கொண்டார். அந்த வருடம் கோதுமையில் ஈரம் கொஞ்சம் அதிகம். காயப்போட்டுக் கொண்டுவந்தால் தரம் ஏறும், இரண்டு நாள் பொறுத்து அடுத்த லோடு எடுத்துவா என்று நார்வல் சொன்னார். மழை வந்தால் என்ன செய்வது என்று வெண்டல் கேட்டார். லாரி காலியாகும்வரை இருவரும் அதைத்தான் பேசினார்கள். நார்வல் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெண்டல் அதைப் படித்துப் பார்க்காமல் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.